பெட்டிக்கு எத்தனை வயசு?

தொம்மலூரில் இப்போது பரண்கள் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஓட்டு வீடும் முன்னால் ஒரு முருங்கை மரமுமாக இருந்த மனைகளில் நாலு மாடிக் கட்டடம் எழும்புகிறது. இடிப்பதற்கு முந்தைய வாரம் பரணைக் காலி செய்கிறார்கள். பித்தளை அண்டா, கால் உடைந்த தொட்டில், பழைய கல்யாண ஆல்பம், கடைசியில் தூசி படிந்த ஒரு மரப் பெட்டி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். "தாத்தாவோட ஆயுதப் பெட்டி" என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு மூன்று கதிதான். பழைய சாமான்காரர் நிறுத்து வாங்கிப் போவார். அல்லது மேலே கண்ணாடி போட்டுக் காபி டேபிள் ஆகும். அல்லது பாலிஷ்காரர் மெஷின் வைத்துத் தேய்த்து, கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு ஹாலில் உட்கார்த்திவிட்டுப் போவார். மூன்றாவதுதான் மிகவும் மோசம் என்பது என் கட்சி.

இந்தப் பக்கத்தில் இத்தனை பெட்டிகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கினார். தொம்மலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தொழிற்சாலை. பிறகு நகரின் வேறு மூலைகளில் 1948ல் ஐ.டி.ஐ., 1953ல் எச்.எம்.டி., 1954ல் பி.இ.எல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் பிட்டர், டர்னர், டூல்மேக்கர் என்று ஆட்கள் வந்தார்கள். அல்சூரிலும் மர்பி டவுனிலும் தொம்மலூரிலும் குடித்தனம் வைத்தார்கள். இவர்களில் டூல்மேக்கர் தனி ஜாதி. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கிறவர். மைக்ரோமீட்டரையும் காலிப்பரையும் அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டார். அதற்குத்தான் சொந்தப் பெட்டி.

தச்சர் பெட்டி வேறு, டூல்மேக்கர் பெட்டி வேறு. தச்சர் பெட்டி பெரியது, ஆழமானது. மூடியை மேலே தூக்கினால் உள்ளே முன்னும் பின்னும் நகரும் தட்டுகள், அடியில் இழைப்புளியும் ரம்பமும். இங்கிலாந்தில் இதை வெளியே சாதாரணமாகப் பெயின்ட் அடித்துவிட்டு, உள்ளே மட்டும் நல்ல மரத்தில் இழைத்து வைப்பது வழக்கம். பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்கு 1796ல் தகப்பனார் லண்டனில் ஒரு முழு செட் கருவிகள் வாங்கிக் கொடுத்தார். பிள்ளை அதற்கு ஒரு பெட்டி செய்து, ஒவ்வொரு கருவியும் என்ன விலை என்று பட்டியலும் எழுதி வைத்தார். பெட்டி, கருவி, பட்டியல் மூன்றும் ராசெஸ்டர் கில்ட்ஹால் மியூசியத்தில் இருக்கின்றன. கருவிகள் அதிகம் உழைத்த மாதிரி தெரியவில்லை என்கிறார்கள். அதனால்தான் தப்பித்தன போலும்.

டூல்மேக்கர் பெட்டி சின்னது. ஒரு சூட்கேஸை நிமிர்த்தி வைத்த அளவு. ஏழோ எட்டோ தட்டையான இழுப்பறைகள், உள்ளே பச்சைத் துணி, பூட்டினால் முன்பக்கத்தை மூடும் ஒரு பலகை. திறக்கும்போது அந்தப் பலகை கீழ் இழுப்பறைக்கு அடியில் சரிந்து போய்விடும். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து டேட்டனில் கெர்ஸ்ட்னர் கம்பெனி 1906 முதல் இதைச் செய்துவருகிறது. நடுவில் ஒரு உயரமான இழுப்பறை இருக்கும். அது 'மெஷினரிஸ் ஹேண்ட்புக்' என்ற தடித்த புத்தகத்துக்காக. டூல்மேக்கரின் பஞ்சாங்கம் அது. 1914ல் முதல் பதிப்பு வந்தது.

எங்கள் தெருவில் போன வருஷம் இறங்கிய பெட்டி இந்த வகை. தாத்தா 1941ல் வேலைக்குச் சேர்ந்தவர், ஆம்பூர்ப் பக்கம். பேரன்கள் இரண்டு பேர். மூத்தவர் என்னைக் கூப்பிட்டு, "சார், இது அமெரிக்கன் பெட்டி. யுத்த சமயத்துல ஒரு அமெரிக்க சார்ஜண்ட் தாத்தாவுக்குக் கொடுத்தது" என்றார். நம்பக்கூடிய கதைதான். 1943ல் தொழிற்சாலையை அமெரிக்க ராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தார்கள். யுத்தம் முடியும்வரை அது அவர்களுடைய 84ஆவது ஏர் டெப்போ. கேட்டலினா, டகோட்டா எல்லாம் இங்கே வந்து பழுது பார்த்துக்கொண்டு போயின. அமெரிக்கன் என்ற சொல்லுக்காகவே ஒரு பழம்பொருள் வியாபாரி நல்ல விலை பேசியிருந்தார். அதற்குமுன் பெட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று திங்கட்கிழமை பாலிஷ்காரரை வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனது சனிக்கிழமை.

பழைய பெட்டியைப் பார்க்கிறவர்கள் முன்பக்கத்தைப் பார்க்கிறார்கள். அங்கே ஒன்றும் தெரியாது. இழுப்பறைகளை உருவி எடுத்துக் கவிழ்க்க வேண்டும். பாலிஷ் படாத இடத்தில்தான் பெட்டி பேசும்.

முதலில் மரம். அமெரிக்கப் பெட்டிகள் பெரும்பாலும் ஓக். ஓக்கைக் குறுக்காக அறுத்த பலகையில் வெள்ளி ஜரிகை போலத் திட்டுகள் மின்னும். இதில் அது இல்லை. கண்ணுக்குத் தெரியாத மூலையில் பிளேடால் லேசாகச் சுரண்டி முகர்ந்தால் பழைய தோல் வாசனை, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. தேக்கு. சந்தேகமே வேண்டாம். ஆனால் தேக்கை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம் தேக்கும் பர்மா தேக்கும் கப்பல் ஏறாத ஊர் இல்லை.

அடுத்தது மூட்டு. மூலையில் புறா வால் மாதிரி விரித்து வெட்டிக் கோத்திருக்கும் டவ்டெயில் மூட்டைப் பாருங்கள். மெஷினில் வெட்டியதென்றால் எல்லா வாலும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. கையால் வெட்டியதில் ஒன்று கொஞ்சம் குண்டாக இருக்கும். ரம்பம் எங்கே நிற்க வேண்டும் என்று கூர்முனையால் கீறிய கோடும் மிச்சமிருக்கும். இந்தப் பெட்டியில் கோடு இருந்தது. இரண்டு இடங்களில் ரம்பம் கோட்டைத் தாண்டியிருந்தது.

பிறகு இரும்பு. ஸ்குரூவின் தலையில் ஒரே பள்ளமா, சிலுவைப் பள்ளமா? சிலுவைப் பள்ளத்து பிலிப்ஸ் ஸ்குரூ 1930களில்தான் வந்தது. அது இருந்தால் பெட்டியோ, குறைந்தபட்சம் அந்த ஸ்குரூவோ, அதற்குப் பிந்தியது. நுனி கூர்மையாக இல்லாமல் மொட்டையாக இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்கலாம். இங்கே எல்லாம் ஒற்றைப் பள்ளம், கூர்நுனி. இதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கைப்பிடியைப் பிடித்திருந்த போல்ட்டில் கிடைத்தது. பிரிட்டிஷ்காரர்களின் விட்வொர்த் மரை 55 டிகிரிக் கோணம். 1841ல் விட்வொர்த் வகுத்தது. அமெரிக்க மரை 60 டிகிரி. கால் அங்குல போல்ட்டில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 20 மரைதான், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மரை அளக்கும் தகட்டை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எது உட்காருகிறது, எதில் இடுக்கு தெரிகிறது என்று சொல்லிவிடலாம். 55 உட்கார்ந்தது. தகடு எங்கே கிடைத்தது என்று கேட்கிறீர்களா? அதே பெட்டியின் நாலாவது இழுப்பறையில்.

இழுப்பறைக் குமிழ்கள் பித்தளை. கடையில் வாங்கியவை இல்லை. பிடி வழுக்காமலிருக்க விளிம்பில் சின்னச் சின்ன வரிகள் வெட்டியிருந்தது, மைக்ரோமீட்டரின் கழுத்தில் இருக்குமே, அதே மாதிரி. தச்சர் ஒருவர் இந்தக் காரியத்துக்குப் போகமாட்டார். லேத்தில் நிற்கிறவருக்குத்தான் இது தோன்றும்.

அடிப் பலகைகள் மெல்லிய பிளைவுட். ஒன்றின் பின்பக்கத்தில் கறுப்பு மையில் பாதி எழுத்துகள். தேயிலைப் பெட்டியின் மேல் குத்தும் முத்திரை. காலியான தேயிலைப் பெட்டியை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். டேட்டனில் எதற்கு அறுக்கப்போகிறார்கள்?

மேல் இழுப்பறையின் பச்சைத் துணி ஒரு ஓரத்தில் பெயர்ந்திருந்தது. அடியில் ஒரு தமிழ் நாளிதழின் தாள், 1949ஆம் வருஷத்தது. இப்படிப்பட்ட தாளைக் கண்டால் பலர் 'பெட்டி 1949' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவசரப்படக் கூடாது. துணியை ஒட்டியது 1949க்கு முன்னால் இல்லை என்று மட்டுமே தாள் சொல்கிறது. பழைய துணியைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருந்தால்? தாளுக்குக் கீழே முன்பு ஒட்டிய பசையின் தடம் இருக்கிறதா என்று பார்த்தோம். மரம் சுத்தமாக இருந்தது. அதுதான் முதல் துணி. அமெரிக்கர்கள் யுத்தம் முடிந்ததும் போய்விட்டார்கள்.

பசையும் ஒரு சாட்சி. மூட்டின் ஓரத்தில் தேன் நிறத்தில் கண்ணாடி போல் உறைந்திருந்தது வஜ்ஜிரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. வெந்நீர்ப் பஞ்சை வைத்தால் இளகும். ஃபெவிகால் 1959ல் வந்த பிறகு நம் தச்சர்கள் வஜ்ஜிரச் சட்டியை மெல்ல மெல்ல அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். நாளிதழையும் பசையையும் சேர்த்தால் 1949க்கும் அறுபதுகளின் தொடக்கத்துக்கும் நடுவே என்று வைக்கலாம்.

இவ்வளவும் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது இளையவர் இழுப்பறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன சார், கிறுக்கல்?" ஒவ்வொரு இழுப்பறையின் பின்புறமும் பென்சிலில் ஒரு குறி, அது நுழையும் பொந்திலும் அதே குறி. ௧, ௨, ௩ என்று ஏழு வரைக்கும். தமிழ் எண்கள். கையால் செய்த இழுப்பறை அதனதன் பொந்துக்குத்தான் சரியாகப் போகும். அதனால் செய்கிறவர்கள் எண் போடுவது எங்கும் உள்ள வழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆள் அதைத் தமிழில் போட்டிருக்கிறார். தொம்மலூருக்குத் தமிழ் எழுத்து புதிதும் இல்லை. இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரின் அப்போதைய பெயர் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சொல்வார்கள். கல்லில் வெட்டியதைத் தொல்லியல்காரர்கள் படியெடுத்து அச்சிட்டுவிட்டார்கள். பென்சிலில் எழுதியதற்கு அப்படிப் பாதுகாப்புக் கிடையாது. பாலிஷ்காரரின் மெஷினுக்கு அரை நிமிஷ வேலை.

மூத்தவர் முகம் விழுந்துவிட்டது. "நீங்க வராமலே இருந்திருக்கலாம் சார்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அமெரிக்கன் இல்லை என்றால் வியாபாரி பாதிகூடக் கொடுக்கமாட்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. வீடு மாறுகிற செலவு அவர்களுக்கு உண்டு. அப்போது உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர்களுடைய அம்மா எழுந்து வந்தார். எண்பதைத் தாண்டியவர். "மாமா செஞ்ச பெட்டின்னு நான் கல்யாணமாகி வந்த வருஷமே அவரே சொன்னாரு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு வருஷம் செஞ்சாராம். அமெரிக்காக்காரன் கொடுத்தது அந்த ஸ்கேலு மட்டுந்தான். யாருடா என்னைக் கேட்டீங்க?"

ஸ்கேல் இருந்தது. ஆறு அங்குலம், ஸ்டாரெட், மாசசூசெட்ஸ். ஸ்கேலுக்கு வந்த கதை அறுபது எழுபது வருஷத்தில் நகர்ந்து நகர்ந்து பெட்டிக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். உள்ளே இருக்கும் கருவியை வைத்துப் பெட்டியின் ஊரைச் சொல்லக் கூடாது என்பதும் இதனால்தான். கருவிகள் கை மாறும்.

திங்கட்கிழமை பாலிஷ்காரர் வந்தார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். பெட்டியை இளையவர் எடுத்துக்கொண்டார். அண்ணனுக்குப் பணம் கொடுப்பதாகப் பேச்சு. கொடுத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

சரி, பெட்டியை என்ன செய்வது? முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். எல்லாப் பக்கமும், இழுப்பறையின் வயிறு முதுகு உட்பட, போட்டோ எடுங்கள். கறுப்புக் காகிதம் விரித்து அதன் மேல் பெட்டியை ஒரு மாதம் வையுங்கள். காகிதத்தில் மாவு மாதிரித் தூள் விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. தேக்கின் வைரத்தை அது லேசில் தொடாது. ஓரத்து வெள்ளைக் கட்டையையும் பிளைவுட்டையும்தான் பிடிக்கும். எங்கள் பெட்டியில் தேயிலைப் பலகை இரண்டில் மாவு விழுந்தது. இழுப்பறைகளைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தோம். மியூசியங்கள் செய்கிற வேலைதான் இது. வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் மரத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

அடுத்தது மேல் பூச்சு என்ன என்று தெரிந்துகொள்வது. மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தடவுங்கள். இளகி ஒட்டினால் அரக்கு. இளகாமல், தின்னருக்கு மட்டும் இளகினால் 1920களுக்குப் பிறகு வந்த லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷோ பிற்காலத்துப் பாலியூரிதேனோ. நம் ஊர்ப் பழைய பெட்டிகள் பெரும்பாலும் அரக்குதான். நாம் பிரெஞ்ச் பாலிஷ் என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குக் கொடுத்தது பெயரும் தேய்க்கும் முறையும். அரக்கைக் கொடுத்தது நம் காட்டு மரங்களில் ஒட்டி வாழும் பூச்சி. ராஞ்சியில் இதற்கென்றே 1924ல் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். சென்னபட்டணத்துப் பொம்மையின் பளபளப்பும் அதே அரக்குதான்.

அரக்கில் ஒரு பெரிய சௌகரியம். புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதனோடு சேர்ந்துகொள்ளும். அதனால் சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பிழிந்த ஈரத் துணியால் அழுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குச் சில்லு கரைத்து வடிகட்டி, பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் பொதிந்து அதைத் தொட்டு மெல்லிசாகத் தடவினால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று நாள். மழை நாளில் வேண்டாம், வெள்ளை பூத்துவிடும். உப்புத்தாளுக்கு இங்கே வேலை இல்லை. பெயின்ட் அடித்த பெட்டியென்றால் இன்னொரு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் இங்கே அமலுக்கு வந்தது. காய்ந்த பெயின்ட்டைத் தேய்த்து அந்தத் தூசியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கவிடாதீர்கள்.

ஆடும் மூட்டை வஜ்ஜிரத்தாலேயே ஒட்டுங்கள். பழைய வஜ்ஜிரத்தின் மேல் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. நாளைக்கு யாராவது பிரிக்க வேண்டி வந்தால் வஜ்ஜிரம் வெந்நீருக்கு வழி விடும். கீலின் ஸ்குரூ துளை பெரிதாகிவிட்டிருந்தால் பெரிய ஸ்குரூ போட்டு முறுக்காமல், மூங்கில் சிம்பைப் பசையில் தோய்த்துச் செருகி, பழைய ஸ்குரூவையே திரும்பப் போடலாம். ஆளி விதை எண்ணெய் தேய்ப்பவர்கள் அந்தத் துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட வேண்டும்.

பித்தளையை மினுக்குவது பற்றி எனக்கும் இளையவருக்கும் இன்னும் சண்டை. அவர் ஒரு குமிழைத் தங்கமாக மினுக்கிவிட்டார். மற்ற ஆறும் கறுத்தே இருக்கின்றன.

மூடியின் மேல் ஒரு விஷயம். வட்ட வட்டமாக மூன்று கறைகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல வருஷம் விழுந்தவை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அரக்குக்குள் இறங்கிவிட்டன. ஸ்பிரிட் போட்டால் எடுத்துவிடலாம். நான் வேண்டாம் என்றேன். மியூசியம் கணக்கில் அது உபயோகத்தின் தடயம். அம்மாவின் கணக்கில் அது சாமி. இரண்டு கணக்கும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டதால் விவாதம் நடக்கவில்லை.

நூறு வருஷத்துக்கு மேல் பழைய பெட்டி உங்கள் பரணிலிருந்து இறங்கினால், வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்பிவைக்கும் முன் யோசியுங்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தில் நூறு வருஷம்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டிய தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. உங்கள் பெட்டி அதில் வராது என்றால், தொல்லியல் துறையிடம் அப்படிச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் விமான நிலையத்தில் தொல்லை இல்லை.

எங்கள் தெருப் பெட்டிக்கு அந்தத் தொல்லை வர இன்னும் காலம் இருக்கிறது. ௩ஆம் நம்பர் இழுப்பறை மட்டும் ஜூலையில் இறுகி, பாதி வந்து நின்றுவிட்டது. இளையவர் இழைப்புளி வாங்கப் போவதாகப் போன் செய்தார். ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுப் பேசாமல் இருங்கள், ஈரம் வற்றி ஜனவரி வந்தால் தானாகத் திறக்கும் என்றேன். டிசம்பர் கடைசியிலேயே திறந்துகொண்டது.